விழுகிற விதம்

எது கீழே விழுந்தாலும் அத்தான் அது விழுந்த விதத்தைத்தான் பார்ப்பார். உடைந்ததா, யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். அவருக்கும் என் அக்காவுக்கும் கல்யாணம் நடந்த அன்று யாரோ கை பட்டு மஞ்சள் கிண்ணம் ஒன்று மணமேடையிலிருந்து கீழே போனது. பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, கிண்ணம் கவிழவே இல்லை, அடிப்பக்கமாகவே போய் உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். என் அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்.

இன்னொரு தடவை என் மகன் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்து அலறிக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்திருந்த அத்தான் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, தலை முந்தி வந்ததா தோள் முந்தி வந்ததா என்பது. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைவிடத் தலை கனம், கனமான பக்கம்தான் முந்தும் என்று விளக்கம் வேறு. என் வீட்டுக்காரி அன்று அவருக்குக் காப்பியே கொடுக்கவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய ஃபைலில் அந்தப் பெயர் கெட்ட பெயராக எழுதப்பட்டிருக்கிறது. நான் வேறு அதை இழுத்து வெளியே போட வேண்டாம். அக்கா போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருக்கும்வரை இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

எனக்கு அருப்புக்கோட்டையில் வத்தல், மல்லி மண்டி. அத்தான் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர். ராக்கெட் மேலே கொண்டுபோகிற கருவிப் பெட்டியைச் சேதாரம் இல்லாமல் தரைக்குத் திருப்பிக் கொண்டுவருவது அவருடைய பிரிவின் வேலை. எங்கள் ஊரில் "ராக்கெட்டு விடுற மாப்பிள்ளை" என்பார்கள். அவருக்கு உடனே முகம் சுருங்கும். விடுகிறவன் வேறு ஆள், நான் இறக்குகிறவன் என்பார். கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தால் இதே பேச்சுத்தான்.

"மேல போறது பெருசில்ல மாப்ள. நெருப்ப வச்சாப் போயிரும். திரும்பி வாரப்ப முகத்தத் திருப்பாம வரணும். அங்கதான் இருக்கு சங்கதி."

நிலாவுக்குப் போன மூன்று பேர் பாதி வழியில் கப்பல் கெட்டுப்போய்த் திரும்பினார்களே, அந்த வருஷம் அத்தான் லீவில் வந்திருந்தார். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை அவருக்கு. எதிர்க் காப்பிக் கடையில் ரேடியோ இருந்ததால் அங்கேயே கிடந்தார். காற்று மண்டலத்துக்குள் நுழைகிற சரிவு கொஞ்சம் கூடினால் எரிந்து சாம்பலாகிவிடுவார்கள், கொஞ்சம் குறைந்தால் கண்மாயில் எறிந்த ஓட்டுச் சில்லு போலத் துள்ளி அப்படியே போய்விடுவார்கள் என்று எல்லாருக்கும் சொன்னார். கூர்மையான முனையை முன்னால் நீட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லையாம். தட்டையான அகலப் பக்கம்தான் முன்னால் வர வேண்டுமாம். அதுதான் சூட்டைத் தள்ளி நிறுத்துமாம். உள்ளே இருப்பவர்கள் மல்லாந்து படுத்து, முதுகு முன்னால் வர, பூமிக்குள் விழ வேண்டும். நடுவில் சில நிமிஷம் ரேடியோவும் பேசாது.

பிழைத்துவிட்டார்கள் என்று மறுநாள் காலைச் செய்தியில் சொன்னதும் காப்பிக் கடையே கை தட்டியது. அத்தான் மட்டும் குமுறிக் குமுறி அழுதார். லாரி டிரைவர்களெல்லாம் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா இருங்க அத்தான், அவுக என்ன நமக்குச் சொந்தமா என்று கேட்டேன்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு மொட்டை வெயிலில் அத்தானும் அக்காவும் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். நீண்ட லீவு என்றார். பிள்ளை குட்டி இல்லாததால் கேட்க யாருமில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அக்கா முகத்தைப் பார்த்ததும் அது இல்லை என்று தெரிந்தது. அத்தான் கன்னமெல்லாம் ஒட்டிப்போய் நின்றார்.

நடந்தது இதுதான். அவர்கள் அனுப்பிய பெட்டி திரும்பி வரும்போது வானத்தில் குட்டிக்கரணம் போட்டு, பாராசூட்டு சுற்றிக்கொண்டு, சுக்குநூறாகிவிட்டது. அதன் நான்கு பக்கமும் சின்னச் சின்னக் குழல்கள் உண்டு. பெட்டி சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் குழல் காற்றைப் பீய்ச்சி நிமிர்த்த வேண்டும். அந்தக் குழல்கள் அத்தான் பொறுப்பு. ஆகவே தப்பு அவருடையது என்று எழுதிவிட்டார்கள். கனமான பேட்டரியைப் பின்பக்கம் வைக்காதீர்கள், முன்னால் வருகிற முகத்தை ஒட்டி வையுங்கள், பின்கனமாக இருந்தால் எத்தனை குழல் ஊதினாலும் நிமிராது என்று இவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை. மேலதிகாரியிடம் எதற்கு மல்லுக்கு நிற்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆளுக்கே உரிய மரியாதையில் விட்டுவிட்டார். அந்த மரியாதை அவரைக் குழியில் தள்ளியது.

திருச்சுழி ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு கிணறு, ஒரு தகரக் கொட்டகை. மூன்று வருஷமாக மழை ஏமாற்றி அறுபதடிக் கிணறு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாய் பிளந்து கிடந்தது. வந்த ஒரு வாரத்திலேயே அத்தான் அந்தக் கிணற்று மேட்டில் போய் உட்கார ஆரம்பித்தார். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். வேலை போகப்போகிற மனுஷன், வாய் பேசாத மனுஷன், வற்றிய கிணற்றின் ஓரத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அக்காவுக்கு உயிரே இல்லை. மோர் கொண்டுபோகிறேன், சுள்ளி பொறுக்கப் போகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய் உடைமரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வாள். கொஞ்சம் தாமதமானால் கடைக்கு ஆள் அனுப்புவாள். நான் தராசை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பேன்.

பிறகுதான் அவர் அங்கே பொம்மை செய்து போடுகிறார் என்று தெரிந்தது. தேங்காய்ச் சிரட்டைதான் முகம். அதற்குப் பின்னால் டப்பாத் தகரத்தில் கை நுழைகிற அளவுக்குத் திறந்த கூம்பு. உள்ளே கண்மாய்க் களிமண்ணை அப்பி, கனத்தை முன்னேயும் பின்னேயும் மாற்றி மாற்றி வைப்பார். கிணற்றின் குறுக்கே போட்ட பலகையில் தவழ்ந்துபோய் நடுவிலிருந்து விடுவார். அடியில் மணல் பரப்பிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார். பின்கனம் வைத்தது குட்டிக்கரணம் போட்டது. முன்கனம் வைத்தது சிரட்டை கீழே இருக்க நேராக இறங்கி வட்டத்துக்குள் உட்கார்ந்தது. ஊர் முழுக்க வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு மாப்பிள்ளை சிரட்டை போட்டு விளையாடுகிறார் என்று பந்தல்குடி வரைக்கும் சிரிப்பு.

ஒருநாள் அவர் உள்ளே இறங்கியவர் கூப்பிட்டதற்குக் குரலே கொடுக்கவில்லை. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும், அதில் பாதி ஆடும். அக்கா போட்ட கூப்பாட்டில் ரோட்டில் போன வண்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். எட்டிப் பார்த்தால், மனுஷன் அடியில் குப்புறப் படுத்து, மணலில் விழுந்த பள்ளத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, ஒரு நூல்கூடத் தப்பவில்லை என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவளுக்குக் கிணறு மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

அஞ்சு மாசம் இப்படி ஓடியது. அத்தான் எழுதிப் போட்ட கடிதங்களுக்கு ஒருவழியாகப் பதில் வந்தது. நிலையத்து மேலதிகாரி ஒருவர் வேறு வேலையாக மதுரைக்கு வருகிறார், அன்று சாயங்காலம் நேரில் வந்து பார்ப்பார். அவர் கண்முன்னால் மூன்று பொம்மை போட்டு, மூன்றும் நேராக இறங்கினால் ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொல்லுவார். இல்லாவிட்டால் தப்பு அத்தானுடையதுதான் என்று முடிவாகிவிடும், அந்த வேலையில் அவருக்கு இனி இடமில்லை. கடிதத்தை அத்தான் என்னிடம் நாலு தடவை வாசித்துக் காட்டினார்.

அதற்கு முந்தின வாரம்தான் அக்கா திருச்சுழியில் குறி சொல்கிற ஒரு பெண்ணிடம் போய் வந்திருந்தாள். தண்ணீர் இல்லாத கிணறு ஆளைப் பார்த்துவிட்டது, மாட்டுக் குளம்பில் நடந்து தேய்ந்த லாடத்தை அதற்குக் கொடு, ஆளை விட்டுவிடும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். இரும்பு இருக்கிற இடத்தில் காற்று கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் அக்காவைக் கேலி பண்ணினேன். பண்ணிவிட்டு, பந்தல்குடி ரோட்டில் லாடம் கட்டுகிறவரிடம் போய்த் தேய்ந்த துண்டு மூன்று வாங்கியும் வந்தேன். வாசற்படியில் புதைப்பாள் என்று நினைத்தேன்.

அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின நாள் அத்தான் தன் காகிதங்களையெல்லாம் அடுக்கி, கட்டி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் முகச்சவரம் செய்து, சலவை வேட்டி சட்டை போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்து, விழுகிற நேரத்தைப் பார்க்கச் சொன்னார். எனக்கு அது கடிகாரம் பார்க்கிற வேலை. அக்காவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது. பெட்டியைப் பூட்டிச் சாவி கொடுத்து, வாட்சையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷன் திரும்பி வருவானா என்று நினைத்துவிட்டாள்.

கொட்டகையில் மூன்று பொம்மையும் சுளகில் ஈரத்துணி மூடி இருந்தன. அத்தான் சுண்ணாம்பு வட்டம் போடக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தார். நான் உள்ளே போனபோது அக்கா துணியை விலக்கி, கூம்புக்குள் கைவிட்டு, லாடத் துண்டைக் களிமண்ணில் ஓரமாக அழுத்தி, மேலே விரலால் மெழுகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது. என்னைப் பார்த்து அவள் பயப்படவில்லை.

"கிணத்துக்கு இதக் குடுத்துருவோம் தம்பி. அவுகள விட்டுரட்டும்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தராசுத் தட்டில் ஒரு வத்தல் காம்பு விழுந்தாலும் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே வளர்ந்தவன் நான். இத்தனூண்டு இரும்பு என்ன செய்துவிடும், அக்காவுக்கு ஓர் ஆறுதல், போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நான் செருப்பால் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. எப்படியும் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நூலில் தொங்கவிட்டுச் சாய்கிறதா என்று பார்ப்பது அத்தானுடைய வழக்கம்.

அன்று அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் வருவதாக இருந்த அதிகாரி, திருச்சுழிக் கோயிலைப் பார்த்துவிட்டு மத்தியானமே மதுரை திரும்ப வேண்டும் என்று காலை பத்து மணிக்கே காரில் வந்து இறங்கிவிட்டார். அத்தான் சுளகைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினார்.

முதல் பொம்மை பாதிக் கிணறு வரை ஒழுங்காகப் போனது. பிறகு ஒருக்களித்து, அப்படியே ஒரு பக்கமாக வழுக்கிப் போய்ச் சுவரில் மோதித் தெறித்தது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவதும் சுவர். மூன்றாவதை எடுத்து, நிறுத்தி, கையில் வைத்து ஒரு நொடி யோசித்தார். அதிகாரி கிணற்று மேட்டிலிருந்து ம் என்றார். அதுவும் சுவர்.

நல்ல மனுஷர்தான் அந்த அதிகாரி. ஸ்டோர் பிரிவில் இடம் கேட்டு எழுதுங்கள், நான் சொல்கிறேன் என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். அத்தான் கும்பிட்டார். கார் திருச்சுழிப் பக்கம் போனதும் படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார்.

அக்காவைப் பார்த்தேன். அஞ்சு மாசமாகக் கிணற்றடியை விட்டு நகராதவள், அன்றைக்குக் கொட்டகை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு உள்ளே போயிருச்சுல்ல, இனி ஒண்ணும் ஆகாது என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் பலகையில் குப்புறப் படுத்து, அத்தான் அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உடைந்த களிமண்ணை அவர் ஒவ்வொரு கட்டியாக உதிர்ப்பது தெரிந்தது. அப்புறம் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று அவருடைய கடிகாரமே என் கையில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

ஏறி வந்தார். அக்காவுக்குத் தெரியாமல் என்னை உடைமரத்துப் பக்கம் கூட்டிப்போய் உள்ளங்கையை விரித்தார். மூன்று துண்டு. நான்தான் வாங்கிவந்தேன், அக்கா வைத்தாள், நீங்கள் கிணற்றில் விழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் வைத்தாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காலில் விழாத குறை. அதிகாரி ஒரு மணி வரை கோயிலில்தான் இருப்பார், இப்போதே போய்ச் சொல்லிக் கையோடு கூட்டிவருகிறேன் என்று வண்டியை எடுக்கப் போனேன். சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னன்னு சொல்லுவ? செத்துருவான்னு பயந்து பொண்டாட்டி இரும்பு வச்சான்னா? அப்படிப்பட்டவன எவன் மாப்ள அந்த வேலையில வைப்பான்?"

பொய்தானே அது, அக்கா கிறுக்குத்தனமாகப் பயந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். அவர் லாடத் துண்டுகளை வேட்டி மடியில் முடிந்தார்.

"அவ பயந்தது சரிதான். மொத நாளு அதுக்குத்தான் வந்தேன். ஆழம் பாக்க ஒரு கல்லப் போட்டேன். பாதியில அது சாஞ்சு சுவத்துல இடிச்சுச்சு. ஏன் சாஞ்சுச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், பொழுது போயிருச்சு. மறுநாளும் அதுக்காகவே வந்தேன். அப்படியே அஞ்சு மாசம் ஓட்டிட்டேன்."

கிணற்றுப் பக்கம் திரும்பினார். "இனி நாளைக்கு என்னத்தப் பாக்க வாரது? இந்தக் கிணத்த மூடிரு மாப்ள."

கடைக்குப் போகவில்லை நான். அன்றைக்கே ஆள் பிடித்தேன். பஞ்சத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பதா கஷ்டம்? அப்பா காலத்தில் தோண்டி மேட்டில் குவித்திருந்த கல்லும் சரளையும் போதாமல், லாரி லாரியாக மண் அடித்தேன். ஊரே குடிதண்ணீருக்கு அலைகிற கோடையில் இருக்கிற கிணற்றைத் தூர்க்கிற பைத்தியக்காரன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வேலை முடிகிற வரை அத்தானைக் கடையில் என் பக்கத்திலேயே உட்காரவைத்து, கழிப்பறைக்குப் போனால்கூட வெளியே நின்றேன். அவர் அதற்கும் கோபப்படவில்லை.

நாற்பத்தெட்டு நாள் ஆனது தரை மட்டமாக. அக்கா தலைக்குக் குளித்து வந்தாள். கேட்ட இரும்பு கிடைத்துவிட்டதால்தான் கிணறு தானாகவே வாயை மூடிக்கொண்டது என்று கூலியாட்களிடம் பெருமையாகச் சொன்னாள். அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புது மண்ணின்மேல் ஏறி, காலால் மிதித்து மிதித்து, நடு வரைக்கும் போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, அத்தனை ஆம்பளைகள் பார்க்க அவர் கையைப் பிடித்து, வாங்க, ஒண்ணும் செய்யாது என்று கூட்டிப் போனாள்.